மகள் பெயர் போட்ட பை

மீன் வாங்கப் போனால் எவர்சில்வர் சம்படம், இட்லி மாவுக்குத் தூக்கு, காய்கறிக்கு இரண்டு துணிப்பை. நான் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் வீடு மாற்றிப் போகிற மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். சிதம்பரத்தில் பதினெட்டு வருஷமாக அறிவியல் டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பிளாஸ்டிக் பயன்படுத்த மாட்டோம் என்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்துவிட்டு, சாயங்காலம் அதே கையில் நாலு கவரைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வர என்னால் முடியாது.

ஆனால் கடைக்காரர்கள் விட்டால்தானே. பை நிறையக் காய் வாங்கி முடித்ததும், கொசுறாகக் கொடுக்கிற கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் சின்னக் கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, என் துணிப்பைக்குள் திணிப்பார் காய்கறிக் கடைக்காரர். "கவர் வேணாம்னு சொன்னேனே" என்றால், "அது காய்க்கு டீச்சர். இது கறிவேப்பில, தனியா இருந்தாதான் வாடாது" என்பார். நான் முடிச்சைப் பிரித்து, கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, கவரை அவர் தராசுத் தட்டிலேயே வைப்பேன். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் அந்தக் கவரைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு அடுத்தவருக்குப் புதுக் கவர் உருவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட நான் என் மகள் கல்யாணத்தில் செய்த காரியத்தைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வீடு கடலூரை ஒட்டிய கடற்கரைக் கிராமம். நாங்களும் அந்தப் பக்கத்து ஜனங்கள்தான். என் அப்பா வேலை கிடைத்துச் சிதம்பரம் வந்தவர். கல்யாணம் கடலூரில் மண்டபத்தில். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, தாம்பூலப் பை பேச்சு வருகிறவரைக்கும். மாப்பிள்ளையின் அம்மா பிளாஸ்டிக் கூடையில் கொடுக்கலாம் என்றார். "கூடைன்னா வீட்ல நாலு நாளைக்கு ஒதவும் சம்பந்தி." அதெல்லாம் நடக்காது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். துணிப்பைதான். மேலே பிள்ளையார், நடுவில் மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும், கீழே 'நெகிழி தவிர்ப்போம்' என்று ஒரு வரி. அந்த வரி என் யோசனை. கல்யாணப் பையிலும் பாடம் எடுக்காமல் இருக்க முடியாதா என்று மகளே சலித்துக்கொண்டாள்.

பை அடிக்கக் கொடுக்க நானே கடலூர் அச்சகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பத்து நிறத்தில் பைகளை மேஜைமேல் பரப்பினார். மஞ்சளில் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, லேசாக இருந்தது, நெய்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. "துணிதானே?" என்று கேட்டேன். "துணிப்பைதாம்மா. இப்ப எல்லா கல்யாணத்துக்கும் இதான் போவுது" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த பரிசோதனை.

எங்கள் பக்கத்தில் யாரும் தாம்பூலப் பையைக் கணக்காக அடிப்பதில்லை. வந்தவர்களில் ஒருத்தர் வெறுங்கையோடு போனாலும் காலத்துக்கும் பேச்சு என்று, கூட நூறு அடித்து வைப்பார்கள். எங்களுக்கும் ஒரு கட்டு மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். தெருவுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் தெரு முனையில் மின்சாரக் கம்பத்துக்குக் கீழே ஒரு இடம் உண்டு. மிஞ்சின சோறு, காய்த் தோல், வடித்த கஞ்சி எல்லாம் அங்கேதான் போகும். சோற்றைக் குப்பையில் போட்டால் பாவம். மாட்டுக்கு வைத்தால் புண்ணியம். புண்ணியம் சரி, ஆனால் கை அழுக்காகக் கூடாது, வாசலில் சிந்தக் கூடாது. அதனால் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுமா? கவரோடு விழுங்கும். இதற்காக நான் தெருவில் சண்டை போடாத வீடு கிடையாது.

அந்த இடத்துக்கு வருகிற மாடு, எங்களுக்குப் பால் ஊற்றுகிற பெண்ணுடையது. பக்கத்துத் தெருவில் இருந்தாள். புருஷன் இறந்த பிறகு ஒரே ஒரு செவலை மாட்டை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். மூத்தவளை அந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தாள். மாடு அப்போது நாலு மாதச் சினை. கன்று போட்டால் பால் ஜாஸ்தியாகும், சின்னவளையும் படிக்க வைத்துவிடலாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மிஞ்சின பைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் நானே கொடுத்தேன். "இனிமே கவர்ல கட்டாதீங்க. இதுல வைங்க. துணிதான், மாடு தப்பித்தவறி தின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன். என் வீட்டுக் கேட்டிலும் தினமும் ஒரு பையில் காய்த் தோலும் பழைய சோறும் போட்டு மாட்டினேன். பால் ஊற்றுகிறவள் மறுவாரமே கேட்டாள்.

"டீச்சரக்கா, சோத்து உப்புக்கு அது பையோட இழுத்து தின்னுடுது. பரவால்லியா?"

"பருத்திம்மா. செடியிலேர்ந்து வர்றது. வைக்கோல் மாதிரிதான்."

"நீங்க சொன்னா சரிதான்" என்று போய்விட்டாள். பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மூன்று மாதம்கூட இருக்காது. ஒருநாள் காலையில் அரைச் சொம்பு பாலோடு வந்தாள். மாடு நேற்றிலிருந்து தீவனம் எடுக்கவில்லை, அசைபோடவில்லை, இடது பக்கம் வயிறு கல்லு மாதிரி இருக்கிறது என்றாள். வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தாள், மோரில் பெருங்காயம் கரைத்து ஊற்றினாள். மறுநாள் மாடு எழுந்திருக்கவே இல்லை. கால்நடை மருத்துவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றார். சினை மாடு, நிச்சயம் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். டாக்டர் சின்ன வயசுப் பெண். விலாவில் கீறி, தோள்வரை கையை உள்ளே விட்டு, பிடி பிடியாக வெளியே எடுத்துப் போட்டார். கவர், கயிறு, பால் பாக்கெட், மறுபடியும் கவர். பார்த்தீர்களா என்பதுபோல் நான் சுற்றி நின்ற தெரு ஜனங்களை ஒரு முறை முறைத்தேன். உண்மையாகவே முறைத்தேன். அடுத்து வந்தது மஞ்சள். அதற்கு அடுத்ததும் மஞ்சள். உருண்டையாகச் சுருண்டிருந்த ஒன்றை டாக்டர் காலால் தள்ளியபோது அது விரிந்து, என் மகள் பெயர் தெரிந்தது.

"அது துணிதானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"துணி மாதிரி இருக்கும்மா. இதுவும் பிளாஸ்டிக்தான். நெருப்புல காட்டிப் பாருங்க, உருகும்."

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் செய்து காட்டுகிற சோதனை அது. நூலை இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டினால் பருத்தி எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். பதினெட்டு வருஷமாக இதற்கு மார்க் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு தீக்குச்சி போதும், அச்சகத்து வாசலிலேயே தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் மிச்சமிருந்த ஒரு பையின் காதைக் கத்தரித்துக் காஸ் அடுப்பில் காட்டினேன். சுருண்டு, சொட்டு சொட்டாக உருகி, பர்னர்மேல் கருப்பாக ஒட்டிக்கொண்டது. இன்னொரு காதையும் வெட்டிக் காட்டினேன். வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்தார். "தெரிஞ்சா செஞ்ச? வுடு" என்றார். தெரிந்து செய்தால்கூட ஒரு நியாயம் இருக்கும், எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசிவிட்டுத் தெரியாமல் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை என்று அவரிடம் கத்தினேன்.

புதன்கிழமை மாடு செத்துப்போனது. வயிற்றில் இருந்த கன்றும் போனது. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்து சொன்னார். அடுத்த பீரியடுக்கு நான் போகவில்லை.

சனிக்கிழமை ஒரு பையை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க என்னென்ன கேட்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அச்சகத்துக்காரர் என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, நான் பேசி முடிக்கிறவரை கேட்டார். அவருக்குக் கோபமே வரவில்லை. "எனக்கு இதத் துணிப்பைன்னுதான் குடுக்கிறாங்கம்மா. நானும் அப்படித்தான் குடுக்கிறேன். வாங்கறவங்களும் அப்படித்தான் வாங்கறாங்க. நெசத் துணி வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டு நின்னது இல்ல." நான் கேட்டேனே என்றேன். "கேட்டீங்க. ஆனா இந்த மஞ்சளப் பாத்ததும் புடிச்சிருக்குன்னுட்டீங்களே" என்றார். திட்டுவதற்கு ஆள் கிடைத்தால் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வந்தது வந்தோம் என்று சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அந்தக் கிராமத்தில் எங்கே திரும்பினாலும் மஞ்சள். மீன் வாங்கி வருகிறவள் கையில் அந்தப் பை, படகில் சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றி அந்தப் பை, அலை ஒதுக்கிய குப்பையில் பாதி மணலுக்குள் அந்தப் பை. "நீங்க சொன்னது சரிதான் சம்பந்தி. கூடையவிட இதான் ஒதவுது" என்று மாப்பிள்ளையின் அம்மா பெருமையாகச் சொன்னார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கிளம்பும்போது, பழக்க தோஷம், எனக்கு மீனைக் கழுவி அதே பையில்தான் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் தெருவில் வீடு வீடாக ஏறிப் பைகளைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கும்போது இருந்த மரியாதை வாங்கும்போது இல்லை. "நீங்கதானே டீச்சர் துணின்னீங்க" என்று ஒருத்தி. "அப்ப எதுல வைக்கிறது, அதையாவது சொல்லுங்க" என்று இன்னொருத்தி. பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வாருங்கள் என்றேன். "அங்க மாடே இல்லியே" என்றாள். சேர்ந்த பைகளைக் கட்டி அலமாரிமேல் போட்டேன். எரிக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது, யாரிடமும் கொடுக்கவும் முடியாது. இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

பால் ஊற்றுகிறவள் ஒரு மாதமாக எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. ஒரு மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள், மூத்த பெண் காலேஜை விட்டு ஜவுளிக் கடைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். காலேஜுக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வீட்டுக்காரரை விட்டுச் சொல்லி அனுப்பினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பினேன். என்ன சொல்லி உள்ளே நுழைவது?

ஒரு நாள் காலையில் அவளே வந்தாள். பால் சொம்பு இல்லாத கையோடு அவளைப் பார்க்க என்னவோ போலிருந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. முந்தானைக்குள்ளிருந்து நாலாக மடித்த மஞ்சள் பை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அன்னிக்கு வயித்துலேர்ந்து எடுத்தது டீச்சரக்கா. மத்தத எல்லாம் வாரிப் போட்டுட்டேன். இதுல சாமி படமும் பாப்பா பேரும் அப்படியே இருக்குது. கல்யாணம் ஆன பொண்ணு பேரு, குப்பையில போட மனசு வரல. சோப்பு போட்டு தொவச்சி காயவெச்சி எடுத்தாந்தேன்."

வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பிள்ளையார் அழியவில்லை. மகள் பெயர் அழியவில்லை. கீழே நான் சொல்லி அடிக்க வைத்த 'நெகிழி தவிர்ப்போம்' என்கிற வரியில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நான் பையைப் பற்றித்தான் யோசிக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"கிழியல டீச்சரக்கா, கெட்டியாதான் இருக்குது" என்றாள். "வெச்சிக்குங்க, எதுக்குனா ஆவும்."