காலர் அக்கா மாற்றாமல் விட்ட வயர்

தையல் கம்பெனியில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். மற்றவர்கள் எல்லாம் கை, பாக்கெட், பட்டன் என்று பிரிவு மாறி மாறிப் போக, இவள் பதினேழு வருடமாகச் சட்டைக் காலரிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. வாய் கொஞ்சம் நீளம். "என்னக்கா, இன்னைக்குக் கை ஓடலையே" என்று சூப்பர்வைசர் கேட்டால், "அவசரமாத் தெச்சா காலர் கோணும் சார். அப்புறம் போட்டுக்கிறவன் கழுத்தைக் கோணிக்கிட்டுத்தான் நடக்கணும், பரவாயில்லையா?" என்பாள். அந்த மனுஷன் சத்தமில்லாமல் அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிடுவார்.

இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டது தம்பிக்காக. தம்பிக்கு இருபத்தாறு வயது. சின்ன வயதிலிருந்தே தசை கரைந்துகொண்டே வரும் நோய். "முதல்ல கால், அப்புறம் தோள், கடைசியா விரல்" என்று டாக்டர் பஸ் நிறுத்தங்களைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார், பாவி மனுஷன். சொன்னபடியேதான் நடந்தது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபிறகு, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அக்கா கைக்கு வந்தது. பகலில் எதிர்வீட்டுச் சித்தி மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் அவனுக்குத் துணை அந்தக் கம்ப்யூட்டர்தான்.

அதில் அவன் ஒரு ஊர் கட்டி வைத்திருந்தான். ரயில் விளையாட்டு அது. தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் வைத்து, சிக்னல் நட்டு, எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அட்டவணை எழுதி, ஆறு வருடமாகக் கட்டிய ஊர். நேரில் ஒருதடவைகூடப் பார்த்திராத நாலு நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்து அதற்குள் வந்து வண்டி ஓட்டுவார்கள். ஊர் மொத்தமும் இருந்தது இவன் பெட்டிக்குள். இது அணைந்தால் அத்தனை வண்டியும் நடுவழியில் நின்றுபோகும். அவனை அவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடைசி ஒரு வருடமாக அவன் ஆற்றின்மேல் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தான். விரல் இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும். வலது கை மவுஸைப் பிடித்துக்கொள்ளும். இடது கையைத் தூக்க முடியாது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவள்தான் அதை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கீபோர்டில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும், "பாலம் எப்படிடா போகுது?" என்று கேட்பாள். "போகுதுக்கா" என்பான். அவன் காட்டுகிற தூணைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்பாள். அவள் கண்ணுக்கு எல்லாத் தூணும் ஒன்றுபோலத்தான்.

பாலம் சீக்கிரம் முடியட்டும் என்றுதான் அந்தப் புது கிராபிக்ஸ் கார்டை வாங்கினாள். படம் திணறாமல் ஓடும், வேலை வேகமாக நடக்கும் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. கார்டைப் போட்ட ஒரு வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பெட்டி திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. நாலு நண்பர்களும் ஒன்றாக வண்டி ஓட்டினால் போதும், பட்டென்று திரை இருண்டுவிடும்.

அவள் சும்மா விடுகிற ஆளா? ஒரு ஞாயிறு மூடியைக் கழற்றிக் காற்றடித்துத் தூசி எடுத்தாள். அடுத்த ஞாயிறு பிராசசரின் மேலே காய்ந்திருந்த, சூடு கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். ராம் என்கிற மெமரிப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் அணையும். கார்டுமேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. புதியது, அதுவும் தானே தேடி வாங்கியது, அதன்மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

கடைசியில் கடைக்காரர்தான் சொன்னார். "கார்டு பெருசும்மா, கரண்டைக் குடிக்கும். உன் பவர் சப்ளை பழசு, அதால குடுக்க முடியல. அதை மாத்து." பெரிய பவர் சப்ளை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கான புது வயரெல்லாம் இந்த டப்பாக்குள்ளயே இருக்கு, அதையே போடு."

கேட்டுக்கொண்டுதான் வந்தாள். ஆனால் பெட்டியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் அவள் கை நின்றுவிட்டது. பழைய வயர்கள் எல்லாம் தம்பி பத்தொன்பது வயதில் கட்டியவை. அன்றைக்கு அவனால் ஒரு முடிச்சுப் போட முடிந்தது. அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காலர் நூலை வைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரே இடைவெளியில் பதினொரு கட்டுக் கட்டியிருந்தான். "எங்க லைன்ல உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தா எனக்கு வேலையே இருக்காதுடா" என்று அன்றைக்கு அவள் சொன்னாள். இன்றைக்கு அதே தம்பி, மூக்கு அரித்தால் அக்காவைக் கூப்பிடுகிறான். அவன் விரல் செய்த வேலையைக் கத்தரிக்க எந்த அக்காவுக்கு மனசு வரும்?

தடித்த வயர்களின் தலை புதிய பவர் சப்ளையில் நுழையவில்லை. வேறு வழியில்லாமல் அவற்றை உருவிவிட்டுப் புது வயரைப் போட்டாள். ஆனால் இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் போகிற மெல்லிய வயர், அளவெடுத்துத் தைத்தாற்போல அச்சாகப் பொருந்தியது. அந்தப் பதினொரு கட்டும் அந்த வயரில்தான் இருந்தன. பொருந்துகிறதே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்கான புது வயர் பிரிக்காத பையோடு மேஜையில் கிடந்தது.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது, திரை வந்தது. "ஆகா!" என்று கையைத் தட்டினாள். அந்தக் கைத்தட்டல் ஓயுமுன் ஒரு கருகல் வாசனை வந்தது.

பின்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான். "அக்கா, என்ன வாசனை?"

"புது சாமான்டா. புது சாமான்னா அப்படித்தான் இருக்கும்."

திரையில் இரண்டு டிஸ்க்கும் இல்லை. கம்ப்யூட்டர் தொடங்குவதற்கான சாமான் வேறு இடத்தில் இருந்ததால் பெட்டி எழுந்துவிட்டது. ஊர் இருந்தது ஒரு டிஸ்க்கில். இன்னொரு டிஸ்க்கில் அதன் நகல். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று யோசித்து வைத்தவன்தான் தம்பி. இரண்டும் ஒரே வயரில் தொங்குவதை யார் யோசித்தார்கள்?

"சின்ன வேலை பாக்கி இருக்குடா, கடையில காட்டிட்டு வரேன்" என்று டிஸ்க் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். "பழைய வயரைப் போட்டியா?"

"பொருந்துச்சே."

"பொருந்தும்மா. வாய் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ள எந்தக் கம்பில எந்தக் கரண்டுங்கறது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போயிருக்கு. அதான் வயரை மாத்துன்னு சொன்னேன்."

"ஏன்னு சொல்லலையே நீங்க!" என்று கத்திவிட்டாள். கத்தினதும் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? எரிந்த டிஸ்க்கில் இருப்பதை எடுத்துத் தருகிற தெரிந்த ஆள் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, கடைக்காரர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பத்து நாள் போனது. அந்தப் பத்து நாளும் காலர் அக்கா தைத்த காலரில் பாதி திரும்பி வந்தது. சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு விஷயம்தான் அவளுக்கு விளங்கவில்லை: அவன் ஒருநாளும் கேட்கவில்லை. டிஸ்க் எங்கே என்று கேட்கவில்லை, எப்போது வரும் என்று கேட்கவில்லை. என் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை என்று நினைத்து அவள் இன்னும் உருகினாள்.

பத்தாம் நாள் சனிக்கிழமை கடையிலிருந்து போன் வந்தது. டிஸ்க்கின் மேல் இருக்கிற சர்க்யூட் பலகை மட்டும் எரிந்திருந்தால் மாற்றிப் பார்த்திருக்கலாம், உள்ளேயும் போய்விட்டது, இரண்டிலும் ஒன்றும் தேறாது என்றார்கள். கடைக்குப் போனவள் கையில் கடைக்காரர் வேறு ஒரு டிஸ்க்கைக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், தம்பிக்கு ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"டேய், உன் ஊரு போயிடுச்சுடா. ரெண்டு டிஸ்க்கும் எரிஞ்சு போச்சு. நான்தான் எரிச்சேன். நீ கட்டின கட்டை அறுக்க மனசு வராம பழைய வயரையே விட்டுட்டேன். பாவி, நான்தான்டா."

அவன் அவளையே பார்த்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. புது சாமான் வாசனையாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே."

"தெரிஞ்சா ஏன்டா கேக்கல? திட்டியாவது தொலைச்சிருக்கலாமே?"

அவன் கண்ணால் தன் மடியில் கிடந்த இடது கையைக் காட்டினான்.

"இந்த விரல் எதையும் அழுத்தி ரெண்டு மாசம் ஆச்சுக்கா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அந்தக் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "தினமும் எடுத்து வெச்சேனேடா. டிஸ்க் எரிஞ்ச அன்னைக்குக் காலைலகூட வெச்சேனே."

"அதான். எத்தனை அவசரமா இருந்தாலும் ஒவ்வொரு விரலா எடுத்து வெச்சிட்டுத்தான் போவ. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப பாலம்? நாலு தூண் முடிஞ்சுதுன்னியே?"

"எல்லாம் பழைய தூண்தான். நீ கேக்குறப்பல்லாம் அதையே வேற வேற பக்கத்துலேருந்து காட்டினேன். பகல்ல சும்மா உக்காந்து அவங்க வண்டி ஓட்டுறதைப் பார்த்துட்டிருப்பேன்."

"அந்தக் கார்டு எதுக்குடா அப்போ? ஞாயித்துக்கிழமைகூட வேலைக்குப் போயி..."

"அதைக் கொண்டுவந்து வாசல்ல நின்னப்ப உன் மூஞ்சியை நீ பார்க்கலக்கா. நான் பார்த்தேன். சொல்ல வாய் வரல."

"நான் என்ன கிறுக்கியா? என்கிட்ட மறைப்பியா நீ?" என்று அவன் தோளில் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே அவன் தலைமேல் விழுந்து நின்றது. எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். அவனும் அழுதான். "ஊரு போனா போகுதுன்னு சொல்ல மாட்டேன். ஆறு வருஷம்க்கா. நெஞ்சு வலிக்குது" என்றான். மூக்கில் வழிந்ததை அவளே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள். பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். அவன் "அறு" என்றான். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் பதினொரு கட்டையும் அறுத்தாள். சரியான வயரைப் பூட்டினாள், கடைக்காரர் கொடுத்த டிஸ்க்கை மாட்டினாள், விளையாட்டை ஏற்றினாள். திரையில் புல் மட்டும் முளைத்த வெறும் தரை வந்தது.

நாற்காலிக்கு இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் நாலு விரலையும் கீபோர்டில் வைத்தாள். "எதுடா எது?"

"மேல இருக்கறது முன்னாடி, கீழ பின்னாடி. ரெண்டு ஓரமும் ரெண்டு பக்கம்."

"ஸ்டேஷன் எங்க வைக்கலாம்?"

"நீ சொல்லு."

"எனக்கென்னடா தெரியும்? அந்தத் தண்ணி ஓரமா வை. இறங்கின ஜனம் மூஞ்சி கழுவிக்கும்."

அவன் மவுஸை நகர்த்தினான், அவள் அழுத்தினாள். பதினேழு வருடமாக மெஷினில் ஓடிய விரல் அங்கே தடுமாறியது. "இந்தப் பக்கம்க்கா, இந்தப் பக்கம்!" "கத்தாதடா, எனக்கென்ன பத்து கையா இருக்கு!" தண்டவாளம் இரண்டு தடவை குளத்துக்குள் போனது. பொழுது சாய்வதற்குள் ஒரு ஸ்டேஷனும், வண்டி நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் தண்டவாளமும் வந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டான். களைத்துப் போயிருந்தான்.

"நாளைக்கு எப்பக்கா வருவ?"

"எப்பவும்போல ஆறரைக்கு."

அவன் மனசுக்குள் மணி எண்ணுவது அவளுக்குத் தெரிந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை. இனி அந்த நேரத்தில் அவனுக்குப் பார்ப்பதற்குக்கூட ஓடுகிற வண்டி இல்லை. இத்தனை வருடமாக அக்கா போனபிறகுதான் அவன் நாள் தொடங்கும்.

"சரி, அதை அணைச்சிடு" என்றான். "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுக்கா."