ஸஹீத் சேரின் அல்பம்

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் ஸஹீத் சேர் அறைக்கதவைச் சாத்துவார். கீழிடுக்கில் பழைய சாரனைச் சுருட்டி அடைப்பார். அம்ப்பின் சத்தத்தைத் தாழ்த்தி, மைக்கை அதன் முகத்தோடு ஒட்டிவைத்து, கிற்றாரை எடுப்பார். பின்னேரத்து அஸர் பாங்குக்குள் ஒரு துண்டாவது பதிவாகிவிட வேண்டும். சாய்ந்தமருதில் ஒலிபெருக்கிகள் ஓய்வது அந்த நேரம்தான்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற மனிதர். ஜாஸும் ரொக்கும் கலந்து, பாட்டே இல்லாத ஏழு உருப்படிகளை ஓர் அல்பமாகப் பத்து வருடமாய்ப் பதிந்து வருகிறார். சத்தம் வெளியே போகாமலிருக்க அறைச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு. "ஹறாம் எண்டு செல்றவனுக்கும் கேக்கா, நல்லம் எண்டு செல்றவனுக்கும் கேக்கா" என்று சிரிப்பார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு அது.

ஒரு பிடி பிசகினால் முழுவதையும் அழித்துவிடுவார். அந்தப் பிடிவாதம்தான் அவரைக் கெடுத்தது. நாலு வருடத்துக்கு முன்பே ஆறு முடிந்திருந்தது. "ஆறே காணும் சேர், வெளிய விடுங்க" என்று கெஞ்சினான், டிரம்ஸ் அடித்துக் கொடுத்த கல்முனை துசாந். "ஏழும் ஒரே அறையில, ஒரே சத்தத்தில வரணும் தம்பி" என்று மறுத்துவிட்டார்.

இங்கே பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை குடிவருவார், பெற்றவர்கள் பின்வளவில் ஒதுங்குவார்கள். இந்த வீட்டுக்கு ஸஹீதும் அப்படி வந்தவர்தான். மாமாவும் மாமியும் பாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனதை அன்று அவர் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது மகள் அம்ஹாவுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. "உங்கட அறைதான் பெரிசு. மாப்பிள்ளைக்கு அதத்தான் ஒழிச்சிக் குடுக்கணும்" என்றாள் மனைவி றாஹிலா. ஏழாவது பாதியில் நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் மாமா மீராமுகைதீன் வீடு பார்க்க வந்தார். றாஹிலா கிற்றாரையும் அம்ப்பையும் மைக்கையும் முன்கூட்டியே ஒளித்திருந்தாள். சுவரைத்தான் ஒளிக்க முடியவில்லை.

"இதென்ன சேர், சுவரெல்லாம்?"

கதவு மறைவில் அம்ஹா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஸஹீத் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"அது சும்மா... சாமான் போட்டு வைக்கிற அறை."

பத்து வருடத்தை ஒரு வாக்கியத்தில் இல்லையென்றாக்கிவிட்டார். மீராமுகைதீனுக்கு அது போதுமாயிருந்தது. புதுக் கட்டில் அறைக்குள் கொள்ளுமா என்று பார்க்க அளவு நாடாவை இழுத்தார். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.

ஸஹீத் குனிந்து, ஒரு முட்டைத் தட்டைத் தன் கையாலேயே பிய்த்தெடுத்துவிட்டு, நாடாவின் முனையை வெறுஞ்சுவரோடு அழுத்திப் பிடித்தார்.