பின்வரிசையின் மூச்சு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வீட்டின் மேல்மாடியில், ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் டியூசன் கொடுக்கிறேன். நான் கத்தினால் கீழே ஓட்டோவுக்குள் படுத்திருப்பவர் எழும்பி மேலே பார்ப்பார். ரயில் போகும்போதுகூட மிஸ்ஸின் சத்தம்தான் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்களாம். மார்க்கரால் எறிந்திருக்கிறேன். கொப்பியைக் கிழித்திருக்கிறேன். அதற்கெல்லாம் நான் வெட்கப்பட்டதே இல்லை. கண்டிப்பான மிஸ் என்று கேள்விப்பட்டுத்தான் பெற்றோர் என்னைத் தேடி வந்தார்கள்.

போன வருடம் பிரஷர் ஏறிவிட்டது. டொக்டர் மாத்திரையைத் தந்து, யோகாவுக்கும் போகச் சொன்னார். இரண்டு ஒழுங்கை தள்ளி ஓர் அபார்ட்மெண்ட் ஹோலில் காலையில் வகுப்பு நடந்தது. உடம்பு வளைந்ததோ இல்லையோ, அங்கே சொன்ன தத்துவம் எனக்குப் பிடித்துப்போனது. யோகத்தின் ஒழுக்க விதிகளான இயமங்களில் முதலாவது அகிம்சை. கையால் மட்டுமல்ல, சொல்லாலும் எவரையும் நோகடிக்கக் கூடாது. கோபம் வந்தால் பதில் சொல்வதற்கு முன் ஒரு முழு மூச்சு எடுக்க வேண்டும். எடுத்தபின் முன்னால் இருப்பவரை முழுதாகப் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் அவருக்காக மட்டும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் மூச்சோடு நின்றுவிட்டேன். மிச்சம் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

என் வகுப்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். என் ஏச்சுக் காலத்திலேயே வந்து சேர்ந்தவள். அப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. ஏ.எல்.லில் பயோ பிரிவு செய்து, பிறகு ஃபார்மசி படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவளும் அவள்தான். சமன்பாட்டைச் சமப்படுத்துவதில் அவளுக்கு ஏதோ ஓர் இடத்தில் முடிச்சு விழுந்திருந்தது. அதனால் ஒரு வகுப்பில் கேட்டதையே அடுத்த வகுப்பிலும் கேட்பாள். முன்னைய நானென்றால் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். ஏசிக்கொண்டே அவளுடைய மேசைக்குப் போய், கொப்பியை இழுத்து, எங்கே பிழைக்கிறாள் என்று கண்டுபிடிக்கும் வரை விட்டிருக்க மாட்டேன்.

இப்போது நான் யோகி அல்லவா. அவளுடைய கை உயர்ந்ததும் கண்ணை மூடுவேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மெல்ல வெளியே விடுவேன். பிறகு சிரித்த முகத்தோடு, முன்பு சொன்ன அதே விளக்கத்தை அதே சொற்களில், தேன் தடவிச் சொல்வேன். அவள் தலையாட்டிவிட்டு உட்காருவாள். கத்தாமல் ஒரு பாடத்தை முடித்துவிட்டேனே என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் அவள் கேள்வி கேட்டபோது, கண்ணை மூடியபடி நான் மூச்சை இழுக்க, பின்வரிசையிலும் மெல்லிய மூச்சுச் சத்தம் கேட்டது. நான் விட, அங்கேயும் விட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன். பையன்கள் நிமிர்ந்து, ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் மூச்சுப் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள் என்று பூரித்துப்போனேன். யோகா வகுப்பில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன். அடுத்த வாரங்களில் முன்வரிசையும் சேர்ந்துகொண்டது. நல்லது, எல்லாரும் எடுங்கோ என்று ஒருநாள் நானே வாயால் சொன்னேன். அதை எழுதும்போது இப்போதும் என் காது சுடுகிறது.

அந்தப் பிள்ளையின் கேள்விகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. ஒருவழியாக விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின், தாயும் மகளும் மேலே வந்தார்கள். தாய் மிகவும் தயங்கித்தான் பேசினார். மகளுக்குக் கெமிஸ்ட்ரி சரிவரவில்லையாம். ஸ்கூலில் கேட்டு கொமர்ஸுக்கு மாற்றியாயிற்றாம். மிஸ் குறை நினைக்க வேண்டாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் வந்த பிள்ளை பாதியில் விடுவதா? ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"விளங்காட்டிக் கேட்டிருக்கலாமே பிள்ளை. நான் இப்ப ஏசுறதும் இல்லைதானே?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் தோளில் தட்டி, சொல்லு என்றார்.

"கேட்டனான் மிஸ். நான் கை தூக்கினா நீங்கள் கண்ணை மூடி மூச்சு எடுப்பீங்கள். எனக்கு மட்டும்தான் அப்பிடி எடுப்பீங்கள்."

அவள் நிமிராமலே தொடர்ந்தாள்.

"பிறகு எல்லாரும் எடுக்கத் தொடங்கிட்டினம். பஸ்ஸில என்னைக் கண்டாலும் எடுக்கினம். முந்தி நீங்கள் எல்லாருக்கும் ஏசுவீங்கள் மிஸ். அது பரவாயில்லை."

தாய்க்கு இதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் கூனிக் குறுகிப்போனேன். ஒரு சொல் சொல்லாமல் ஒரு பிள்ளையை வகுப்பின் முன்னால் முட்டாளாக்கி, அதற்கு நாற்பது பேரைப் பழக்கியும் வைத்திருந்தேன். அதற்கு அகிம்சை என்று பெயரும் வைத்திருந்தேன். என் ஏச்சில் அவளை நோகடித்த அளவுக்கு அவள்மேல் ஓர் அக்கறையும் இருந்தது. இந்த மூச்சில் அது இல்லை. அவள் எனக்கு ஒரு தொல்லை, நான் சமாளிக்க வேண்டிய ஒரு கோபம். அதை எல்லாரும் கண்டுகொண்டார்கள். கண்ணை மூடியிருந்த நான் மட்டும் காணவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். தனியாக, முதலிலிருந்து சொல்லித் தருகிறேன், விட வேண்டாம் என்று கெஞ்சினேன். தாய் மரியாதையாக, எல்லாம் மாற்றியாச்சு மிஸ் என்றார். மகள் "பரவாயில்லை மிஸ்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வது போல அவள் அதைச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பின்வரிசை தலையைக் குனிந்துகொண்டது. அவர்களை ஏசவில்லை. என்னைப் பார்த்துத்தானே பழகினார்கள். இனி எவருக்கு விளங்காவிட்டாலும் கேளுங்கள், எத்தனை தரம் என்றாலும் சொல்லித் தருவேன் என்றேன். பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி காத்திருந்தேன். பிறகு மேசைகளுக்கு நடுவே நடந்தேன். பாதிக் கொப்பிகள் வெறுமையாக இருந்தன. சிலர் எழுதியதைக் கையால் மறைத்தார்கள். மறுபடியும் கேட்டேன்.

ஒரு கையும் உயரவில்லை.