யெல்கா படித்த சட்டம்

"உடைஞ்சப்போ எந்த ஊர்ல இருந்தீங்க?"

பல் உடைந்துவிட்டது என்று யார் தொலைபேசியில் அழுதாலும் யெல்கா முதலில் கேட்பது இதைத்தான். வலிக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. "வீட்லதான்மா, வால்நட்டைக் கடிச்சேன்" என்று மறுமுனை முனகினால், "வீடுன்னா? எல்லைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்பாள்.

இதற்கு ரொட்டிக்கடை மிலோய்கா ஒரு காரணம் சொல்கிறாள். "புருஷன் கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டான்ல? அவனை ரெண்டு நாட்டுக் கோர்ட்டுலயும் இழுத்தடிக்கத்தான் வேலை முடிஞ்சதும் ஓடி ஓடிச் சட்டம் படிக்கிறா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." இப்படிச் சத்தியம் வாங்கிக்கொண்டே எல்லையோர ஊரான நோவா கொரிட்சா முழுவதும் அவள் ரொட்டியோடு விற்ற சேதி இது.

விசாரித்துப் பார்த்தால் சேதி நொண்டுகிறது. யெல்கா வகுப்பில் சேர்ந்தபோது அந்தப் புருஷன் லிவியோ அவள் வீட்டுச் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். அவளைச் சேர்த்துவிட்டவர் பல் டாக்டர் ஸ்ரெபர்னிச். மலிவாகப் பல் கட்டிக்கொள்ள இத்தாலியர்கள் எல்லை தாண்டி அவரிடம்தான் வருவார்கள். வரவேற்பு மேசை யெல்காவுடையது. ஆசை யாரை விட்டது? டாக்டர் அந்தப் பக்கத்துச் சாலையில், அவர்கள் மொழியிலேயே, 'சிரிக்க வாருங்கள்' என்று ஒரு பலகை நட்டார். கட்டிய பல் கழன்ற ஒரு கிழவர் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டார். 'எங்கள் ஊருக்கு வந்து ஆள் பிடித்தவர் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே வரட்டும்' என்று வழக்குப் போட்டு ஜெயித்தும்விட்டார். டாக்டர் பலகையைப் பிடுங்கினார். "இனிமே நான் பல்லைப் பாக்கிறேன், நீ எல்லையைப் பாரு" என்று யெல்காவின் கட்டணத்தைக் கட்டினார்.

ஐரோப்பிய உரிமையியல் நடைமுறை என்றால் வகுப்பில் மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். யெல்காவுக்குப் பசி எடுக்கும். புளித்த முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே விதிகளை வாய்விட்டுப் படிப்பாள். "உன் பூனைக்கு வழக்கமான வசிப்பிடம் எதுடி?" என்று கூடப் படிப்பவர்கள் சீண்டினால், யோசிக்காமல் சொல்வாள்: "சோறு போடற வீடு."

சோறு போட்ட வீடாக இருந்தும் லிவியோ ஒரு சண்டைக்குப் பிறகு பெட்டியோடு எல்லைக்கு அந்தப் பக்கத்து இத்தாலிய ஊரான கொரிட்சியாவுக்குப் போய், பூட்டிக் கிடந்த அப்பா வீட்டைத் திறந்தான். நடந்தே போய்விடலாம். ஆனால் வேறு நாடு. அவன் அங்கே ஆறு மாதம் குடியிருந்துவிட்டால் விவாகரத்து வழக்கை அங்கேயே போடலாம் என்பது யெல்காவுக்குப் பாடத்தில் வந்தது. அடுத்த பாடம் அதைவிடக் கொடியது. இரண்டு நாட்டிலும் வழக்குப் போட இடமிருந்தால், முதலில் எங்கே மனு விழுகிறதோ அந்த நீதிமன்றத்துக்கே வழக்கு. மற்றது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சமாதானம் பேசிப் பார்ப்போம் என்று காத்திருக்கிற நல்லவருக்குச் சட்டத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று வகுப்பில் கேட்டாள். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

அவன் ஊர், அவன் மொழி, அவன் மாமா அங்கே பெரிய வக்கீல். அந்தக் கூண்டில் மட்டும் நிற்கக் கூடாது என்றிருந்தாள். ஆறு மாதம் முடிந்த வாரத்தில் லிவியோ அழைத்தான். "வெள்ளிக்கிழமை காபி குடிக்கலாமா? கொஞ்சம் பேசணும்."

பேசணும் என்றால் என்ன பொருள் என்று எந்த விதியிலும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, இந்தப் பக்கத்து நீதிமன்றம் கதவு திறந்ததும் விவாகரத்து மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கினாள். பிறகு எல்லை தாண்டிக் காபிக்கடைக்குப் போனாள்.

லிவியோ மெலிந்திருந்தான். அவன் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது.

"பல் வியாபாரம் எப்படி?"

"கடிக்கிறவங்க இருக்கிற வரைக்கும் ஓடும்" என்றாள்.

அவன் சிரித்தான். காபி குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். "மாமா தினம் போன் பண்றாரு. 'ஆறு மாசம் முடிஞ்சிடுச்சு, போடு. அவ சட்டம் படிக்கிறா, முந்திக்குவா'ன்னு. ஊர்லயும் அதான் பேச்சாம். நான் சொல்லிட்டேன், 'அவ பல்லுக்காகப் படிக்கிறா மாமா, என்னைக் கடிக்க இல்லை.'" கோப்பையை நகர்த்தினான். "நான் போடலை யெல்கா. திரும்பி வரலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நீயும் ஒண்ணும் போடலைதானே?"

அவள் கைப்பையின் வாயை இழுத்து மூடினாள்; முத்திரை வாங்கிய நகல் உள்ளே இருந்தது.

"சரி, உடனே சொல்ல வேணாம்" என்று எழுந்தான் லிவியோ. அவள் பணப்பையைத் தொட்டதும் தடுத்தான். "இது என் கணக்கு. அடுத்த காபி உன்னோடது. பதிலையும் அதோட சேத்துக் குடு."

அவன் காசு கட்டப் போனான். காபியில் சர்க்கரையே சேர்க்காத யெல்கா, சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, குடித்து முடித்த கோப்பையில் கொட்டி, கரண்டியால் கலக்கத் தொடங்கினாள்.