ஜெனாட் தமிழில் பதில் சொன்ன நாள்

எமில்டா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய அப்பா அருள்நாயகத்திடம் கேட்டால், "கால் உருவிற வேலை" என்பார். மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய நாளிலிருந்து, மகள் டொக்ரராக வருவாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். அவள் போய், விளையாடுகிறவர்களின் காயத்தைப் பார்க்கும் படிப்பைப் படித்து, ஸ்காபரோவில் ஒரு கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குச் சிகிச்சையாளராக வந்து நின்றபோது, சொந்தக்காரருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் திண்டாடிப் போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே சொந்தக்காரர்கள்தான் மாதா கோயில் வாசலில் அவளை வளைத்துக்கொள்வார்கள். "பிள்ளை, இந்த முழங்காலை ஒருக்காப் பாரன்." "எமில்டா, தோள்மூட்டு ஏலாமல் கிடக்கு." அவளும் உடுத்திய சேலையோடு வாசல்படியில் குந்தி, ஒவ்வொரு முழங்காலாக மடக்கிப் பார்ப்பாள். டொக்ரர் இல்லையாம், ஆனால் வைத்தியம் மட்டும் வேணுமாம். நல்ல சனம்!

சும்மா சொல்லக் கூடாது, எமில்டா கெட்டிக்காரி. அதைவிடப் பிடிவாதக்காரி. கால் வீங்கிய பையன் கெஞ்சினாலும், கோச் கத்தினாலும், அவள் "இன்றைக்கு இல்லை" என்று சொன்னால் இல்லைதான். ஆட்டம் தொடங்குவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே வந்து, ஒவ்வொரு பையனின் கணுக்காலையும் மடியில் தூக்கி வைத்துப் பட்டி சுற்றுவாள். சுற்றும்போதே யார் ஒழுங்காகத் தூங்கவில்லை, யாருக்குக் காதலியோடு சண்டை, யார் நோவை மறைக்கிறான் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அணியில் இருந்த தமிழ்ப் பையன்களோடு அவள் தமிழைத் தவிர வேறு மொழி பேச மாட்டாள். "உங்களுக்கு இங்கிலிஷ் கதைக்க ஊர் முழுக்க ஆள் இருக்கு, நான் எதுக்கு?" என்பாள்.

அந்தத் தமிழ்ப் பையன்களில் அணித்தலைவன் ஜெனாட். ஸ்காபரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கும் ஏஞ்சலாவுக்கும் றெமிஜியஸுக்கும் ஒரே பிள்ளை. எமில்டா மூன்று பருவமாக அவனிடம் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் மூன்று பருவமாக இங்கிலிஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்பதெல்லாம் அவனுக்கு விளங்கும். ஆனால் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது. பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "ஐம் குட், அன்ரி." கணுக்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருக்கும், "ஐம் குட், அன்ரி." புருவம் கிழிந்து இரத்தம் ஒழுகும், "ஐம் குட், அன்ரி."

தாய் ஏஞ்சலாவுக்கு இது ஆறாத மனவருத்தம். உறைபனிக்குள் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்ட பெண் அவர். "நான் தமிழில கத்துறன், அவன் இங்கிலிஷில சிரிக்கிறான். நீராவது ஒரு சொல்லு வர வையுமன்" என்று எமில்டாவிடம் முறையிடுவார். அவரைவிட எமில்டா பத்து வயது இளையவள். அதனால் எப்போதும் உரிமையோடு 'நீர்' என்றுதான் பேசுவார்.

அந்த வருடம் ஐப்பசியில் கொன்பரன்ஸ் சாம்பியன்ஷிப் இவர்களுடைய மைதானத்திலேயே நடந்தது. நான்கு கல்லூரிகள். சனிக்கிழமை அரையிறுதியில் வென்றாயிற்று. ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். வென்றால் கிண்ணம் மட்டுமல்ல, நாடு தழுவிய போட்டிக்கும் போகலாம். ஜெனாட்டுக்கு அது கடைசி வருடம். அஜக்ஸிலிருந்து உறவுக்கூட்டம் கார் காராக வந்து இறங்கியது. மட்டன் ரோல்ஸ் என்ன, பிளாஸ்கில் தேத்தண்ணி என்ன, போர்வை என்ன! மேளம் ஒன்றுதான் குறை. றெமிஜியஸ் தொண்டை கட்டும்வரை கத்தினார். முதல் பாதியில் ஜெனாட் ஒரு கோல் அடித்தபோது ஏஞ்சலா பக்கத்திலிருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் மற்ற அணியும் ஒன்றைப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கையில் ஒரு கோணர் உதை வந்தது. ஜெனாட்டும் எதிரணித் தடுப்பாட்டக்காரனும் ஒரே பந்துக்கு ஒரே நேரத்தில் எழும்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

எமில்டா ஓடிப்போனபோது அவன் எழும்பி இருந்துவிட்டான். கண் திறந்திருந்தது. இரத்தம் இல்லை. அவள் முழங்காலில் நின்று, வழக்கம்போலத் தமிழில் தொடங்கினாள்.

"ஜெனாட், என்னைப் பார். எங்க நிக்கிறம்?"

"எங்கட கிறவுண்டிலதான் அன்ரி."

"எத்தினையாவது பாதி?"

"ரெண்டாம் பாதி."

"எங்கட கோலை ஆர் அடிச்சது?"

"நான்தான் அடிச்சனான்."

எல்லாம் சரி. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். டிசம்பரிலிருந்து ஜனவரி வரை தடங்கலில்லாமல் சொன்னான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், நின்றான். விரலைக் கண்ணால் பின்தொடரச் சொன்னாள், தொடர்ந்தான்.

"தலை இடிக்குதோ?"

"இல்லை அன்ரி. எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

எமில்டாவின் விரல் அந்தரத்தில் அப்படியே நின்றது. மூன்று பருவமாக வாயைத் திறந்து ஒரு 'ஓம்' சொல்லாத பிள்ளை, 'பயப்பிடாதேங்கோ' என்கிறான்! அதுவும் சின்னப் பிள்ளைகள் தாயின் மடியில் இருந்து கதைக்கும் பச்சைத் தமிழில். கேள்விக்கெல்லாம் விடை சரிதான். விடை சொல்வது அவள் அறிந்த ஜெனாட் இல்லை.

அவனுடைய கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இவன் இனி விளையாட மாட்டான்" என்று கோச்சிடம் சொன்னாள். தலையில் அடி என்றால் அங்கே கடைசிச் சொல் சிகிச்சையாளருடையதுதான், கோச்சுடையது அல்ல. ஆனாலும் மனிதர் விடுவாரா? துள்ளிக் குதித்தார்.

"கேள்வி எதற்காவது பிழையாகப் பதில் சொன்னானா?"

"இல்லை. எல்லாம் சரி."

"பிறகென்ன?"

"தமிழில் சொன்னான்."

"நீ தமிழில்தானே கேட்டாய்!"

சொல்லப் போனால் அவருடைய நியாயமும் நியாயம்தான். "இவன் தமிழில் பதில் சொல்கிறவன் இல்லை" என்று மட்டும் சொன்னாள். கோச் வானத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு, வேறு ஒருவனை உள்ளே அனுப்பினார்.

அதற்குள் ஏஞ்சலா கம்பி வேலியடிக்கு ஓடி வந்துவிட்டார். "ஜெனாட், என்ன மகன், என்ன செய்யுது?" என்று பதறினார்.

"ஒண்டுமில்லை அம்மா. அன்ரிதான் விடுறா இல்லை. நீங்கள் சொல்லுங்கோ அம்மா, நான் விளையாடோணும்."

ஏஞ்சலாவின் முகம் பூத்த பூப்பை எமில்டா பார்த்தாள். "என்ர ராசா! கேட்டனீரோ எமில்டா, எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்கிறான்! அவனுக்கு ஒண்டுமில்லை. விடும், போய் விளையாடட்டும்."

"அக்கா, அதாலதான் விட ஏலாது எண்டுறன்."

"உதென்ன விசர்க்கதை? தமிழ் கதைச்சால் வருத்தமோ, நோயோ?"

"இவன் கதைச்சால் வருத்தம்தான்."

ஏஞ்சலா அவளை மேலும் கீழும் பார்த்தார். குரல் குளிர்ந்துபோனது. "என்ர பிள்ளையின்ர கடைசி மட்ச் இது. நீங்கள் செய்யிறது நல்லாயில்லை, எமில்டா."

நீங்கள்! இத்தனை காலமும் 'நீர்' என்று சொன்ன வாய். திட்டியிருந்தால்கூட எமில்டாவுக்கு இவ்வளவு சுட்டிருக்காது. ஆனாலும் அவள் அசைந்து கொடுக்கவில்லை. ஜெனாட்டின் சப்பாத்து இரண்டையும் கழற்றித் தன் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

சோதனைக்கென்றே கொஞ்ச நேரத்தில் இவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பெனால்டி என்றால் அந்த அணியில் ஜெனாட்தான் அடிப்பான், தவறவிட்டதே கிடையாது. அன்று வேறொருவன் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போய் வாகனத் தரிப்பிடத்தில் விழுந்தது. பார்த்திருந்த சனம் பந்தைப் பார்க்கவில்லை, எமில்டாவைத்தான் பார்த்தது. றெமிஜியஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

அவளுக்கும் மனம் கல்லில்லையே. நான் பிழையோ? உண்மையாகவே அடிபட்ட பயத்தில் தாய்மொழி வந்திருக்குமோ? தமிழ் கதைத்ததற்காக ஒரு பிள்ளையை மைதானத்துக்கு வெளியே இருத்திய முதல் தமிழச்சி நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபோது, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவனுடைய பக்கம் பார்த்தாள். அமைதியாக, மரியாதையாக, கை கட்டி இருந்தான். அந்த மரியாதைதான் அவளைப் பயப்படுத்தியது. அவள் அறிந்த ஜெனாட்டை இறுதி ஆட்டத்தில் வெளியே இருத்தியிருந்தால், இந்நேரம் அவனுடைய உதைக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆட்டம் சமநிலையில் முடிந்து, முடிவு பெனால்டி உதைகளுக்குப் போனது. தோற்றார்கள். மற்றக் கல்லூரிப் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிய, இவர்கள் புல்லில் முகம் குப்புறக் கிடந்தார்கள்.

அப்போது ஜெனாட் எமில்டாவின் கையைத் தொட்டான். "அன்ரி, ஆர் வெண்டது?"

"அவங்கள்தான், ராசா."

"ஓ" என்றான். திரும்பவும், "அன்ரி, மட்ச் துவங்கீட்டுதோ?" என்றான். அப்படியே சரிந்து, அவளுடைய மடியிலேயே வாந்தி எடுத்தான்.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இரத்தக் கசிவு. இன்னொரு முறை தலையால் பந்தைத் தட்டியிருந்தால் இவனோடு நாம் பேசிக்கொண்டிருக்க முடியாது என்று டொக்ரர் சொன்னார். அதைக் கேட்டு றெமிஜியஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஏஞ்சலா எமில்டாவைப் பார்க்கவில்லை. பார்க்க முகம் இல்லை அவருக்கு.

இரத்தக் கசிவு நின்றது, சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் பிள்ளை தெளியவில்லை. முழு நேரமும் அரைத்தூக்கம். இடையிடையே கண் திறந்து, "அம்மா, தண்ணி" என்பான். "அம்மா, வெளிச்சம் குத்துது" என்பான். எல்லாம் தமிழ்.

எமில்டா தினமும் போனாள். புதன்கிழமை மதியம் அவள் போனபோது ஏஞ்சலா செபமாலையோடு கட்டிலடியில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "எமில்டா, நீர் சாப்பிட்டனீரோ?" என்றார்.

அந்த 'நீர்' காதில் விழுந்ததும் எமில்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஓம் அக்கா" என்று பொய் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"இவன்ர வாயால ரெண்டு தமிழ்ச் சொல்லு வரோணுமெண்டு எத்தினை வருசம் மாதாட்டை மண்டாடினனான் தெரியுமே" என்றார் ஏஞ்சலா. "இப்ப இருந்து, அதைத் திருப்பி எடுத்துப்போடு தாயே எண்டு மண்டாடுறன். இவன் அம்மா எண்டு கூப்பிடேக்கை எல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்குது."

எமில்டா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டில் அசைந்தது. ஜெனாட் கண்ணைத் திறந்தான். யன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைச் சுளித்தான். தாயைப் பார்த்தான், பிறகு எமில்டாவை நேராகப் பார்த்தான்.

"எப்பிடி இருக்கிறாய், ஜெனாட்?" என்று வழக்கம்போலவே கேட்டாள் எமில்டா. குரல்தான் வழக்கம்போல இல்லை.

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "ஐம் குட், அன்ரி."

ஏஞ்சலாவின் கையிலிருந்து செபமாலை நழுவி விழுந்தது.

"டிட் வீ வின்?" என்று கேட்டான்.

"இல்லை. பெனால்டியில தோத்திட்டம்."

ஜெனாட் தலையணையில் தலையைப் போட்டு, கண்ணை மூடி, இங்கிலிஷில் ஒரு சொல் சொன்னான். நல்ல சொல் இல்லை. எழுதக்கூடிய சொல்லும் இல்லை. வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் வாயிலேயே அடி விழும்.

ஏஞ்சலா பாய்ந்து போய் அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் அவன் கன்னத்தில் சொட்டியது. "இன்னொருக்காச் சொல்லு, என்ர ராசா" என்றார். "இன்னொருக்காச் சொல்லு."