முன்சக்கரம் இல்லாத விமானம்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை பால்கனியில் ரோஜா வளர்ப்பாள் என்றுதான் எங்கள் கிழக்குத் தாம்பரம் குடியிருப்பில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் அங்கே ஒரு ஸ்க்ரோல் சா வாங்கி வைத்தேன். தையல் இயந்திரத்தின் தம்பி போன்ற உருவம். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் பருமனில் மரம் அறுக்கும் ஒரு ரம்ப வாள். அது மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்க, மரத்தை இரு கைகளாலும் பிடித்துக் கோட்டின் போக்கில் மெல்ல நகர்த்தித் தர வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் வாள் முறிந்துவிடும். வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவளுக்கு இந்த விதி புதிதல்ல.

பிளைவுட்டுக்கு முடிச்சூர் சாலை மரக்கடைக்குப் போவேன். கடைக்காரர் கழிவுத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தபடி, “இத்தினூண்டு பீஸ வெச்சிகினு இன்னாக்கா பண்ணுவ? எறும்புக்குக் கட்டில் போடப் போறியா?” என்பார். எறும்புக்கு இல்லை, பேரப்பிள்ளைகளுக்கு யானை, சர்ச் விற்பனைக்கு நட்சத்திரம், எனக்கு மனநிறைவு.

மனநிறைவு எனக்கு மட்டும்தான். என் பால்கனிக்கு நேர் கீழே குடியிருந்தவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவரே. இயந்திரத்தின் அதிர்வு மேசைக்கால் வழியாக இறங்கி அவர் வீட்டுக் கூரையைத் தட்டியது.

“டீச்சர், நீங்க மேல மெஷினைப் போட்டா எங்க ஹால் ஃபேன் தந்தி அடிக்குது” என்று லிஃப்டில் ஒருமுறை சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு, எழுத ஆரம்பித்தார். ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை லிஃப்ட் அருகே ஒட்டியபோது, மூன்றாவது இனமாக இது இருந்தது: வீடுகளில் இயந்திரம் இயக்கத் தடை. கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. தீர்மானம் நிறைவேறினால் என் ஸ்க்ரோல் சா கேளம்பாக்கத்தில் என் தங்கை வீட்டுக் கார் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு யானைக்காக நான் இரண்டு பேருந்து மாறிப் போகும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே நான் அவருக்கு ஒரு பரிசு செய்தேன். லஞ்சம் என்று சொல்பவர்களோடு வாதிட மாட்டேன். தரையில் நிற்கும் பழைய சரக்கு விமானமொன்றின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மெல்லிய பிளைவுட்டில் ஒட்டி, நூற்று நாற்பது துண்டுகளாக வெட்டி, சேர்த்துப் பொருத்தும் ஜிக்சா புதிராக்கினேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மொட்டு, ஒரு குழி. ஒன்றுபோல் இன்னொன்று இராது. ஒரு துண்டை மட்டும் என்னிடமே வைத்துக்கொண்டால் மனிதர் எவ்வளவு தவிப்பார் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மனசாட்சி இடம் தராததால் எல்லாத் துண்டுகளையும் இருமுறை எண்ணிப் பெட்டியில் போட்டு, திங்கட்கிழமை காலை அவர் மனைவியிடம் கொடுத்தேன்.

மூன்று நாள் கீழே சத்தமே இல்லை. வியாழக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. செயலாளர் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் அவர் மனைவி.

“டீச்சர், நூத்தி முப்பத்தொம்பது பீஸ்தான் இருக்கு. ஒண்ணு ஷார்ட்.”

“எண்ணித்தானே போட்டேன், சார்.”

“நானும் எண்ணித்தான் சொல்றேன். முன்சக்கரம் மிஸ்ஸிங். முன்சக்கரம் இல்லாம ஒரு ஏர்கிராஃப்டை டைனிங் டேபிள் மேல நிறுத்தி வெச்சிருக்கேன். சாப்பாடு இறங்க மாட்டேங்குது. நீங்க வேற ஒண்ணு வெட்டிக் குடுங்க. டிரேசிங் நான் எடுத்துட்டு வரேன்.”

அவர் இறங்கிப் போனதும் அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே, கண்ணாடிக்கு அடியில், முன்சக்கரம்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. மூணு நாளா மனுஷன் கிச்சன் பக்கமே வரல. குழம்புல உப்பு செக் பண்ணல, கேஸ் ஃப்ளேமைக் குனிஞ்சு பாக்கல. இது முடிஞ்சிட்டா மறுபடியும் உள்ள வந்துடுவாரு.”

“ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்கேம்மா. கோபத்துல ஓட்டுப் போட்டுட்டா?”

“அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க. நீங்க படிச்சவங்க.”

கல்வி என்னை இப்படி ஒரு பணிக்கு அழைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

செயலாளர் டிரேசிங் தாளோடு திரும்பி வந்தார். அவர் எடுத்த முறையைக் கேட்டு வியந்தேன். மேற்புறத்தின் விளிம்புகளை நான் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியிருந்தேன்; அதில் துல்லியம் போதாது என்று கருதி, முழுப் படத்தையும் இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கவிழ்த்து, அடிப்புறத்திலிருந்து அந்த ஓட்டையைத் தாளில் வரைந்திருந்தார். இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டவர், கவிழ்த்த பொருளில் இடமும் வலமும் மாறிவிடும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

தாளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியது. வெட்டிய துண்டைப் புரட்டிப் போட்டால் சரியாகப் பொருந்தும். சக்கரத்தை மறுபக்கத்தில் வரைந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“சார், இப்ப மணி ரெண்டு. ரெண்டுலேந்து நாலு வரைக்கும் சத்தம் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க?”

“இது எமர்ஜென்சி, டீச்சர். மெஷினைப் போடுங்க.”

போட்டேன். வெட்டிய துண்டை அவர் கீழே கொண்டுபோய், தாள் ஒட்டிய பக்கத்தை மேலாகவே வைத்து அழுத்திப் பார்த்தார், உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை அதே இரண்டு மணிக்கு மேலே வந்தார்.

“உங்க கை லேசா நழுவிடுச்சுன்னு நினைக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க. நானே வெட்டிப் பாக்கறேன்.”

“தாராளமா வெட்டுங்க, சார்.”

முதல் வாள் அரை நிமிடத்தில் டிங் என்று முறிந்தது. இரண்டாவதும் அப்படியே. “அழுத்தாதீங்க, சார். அது வெட்டிக்கும். நீங்க வழி காட்டினா போதும்” என்றேன். “இது என்ன, ஏர்கிராஃப்ட் பார்ட்டை விடப் பிகு பண்ணுது?” என்று முணுமுணுத்தார். ஆனால் மூன்றாவது வாளில் அவருடைய தோள்கள் தளர்ந்தன. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. வளைவொன்றை முழுதாக வெட்டி முடித்ததும், என்னைப் பார்க்காமலேயே, “நல்லா இருக்கே” என்றார். அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு ஏற்பட்ட பிரியம் உண்மையானது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

அந்தத் துண்டும் பொருந்தவில்லை.

சனிக்கிழமை மாலை மீண்டும் மணி அடித்தது. இம்முறை தனியாக வந்திருந்தார். உள்ளங்கையில் இரண்டு துண்டுகள்.

“புரட்டிப் போட்டா ரெண்டுமே கரெக்டா ஒக்காருது.”

“அப்படியா, சார்?”

“டீச்சர், உங்களுக்குத் தெரியும்.”

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை.

“தெரியும், சார்.”

“எப்பலேந்து?”

“வியாழக்கிழமை, ரெண்டு மணிலேந்து.”

அவர் திரும்பிப் படியிறங்கினார். லிஃப்டைக்கூட எடுக்கவில்லை. நான் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, கார் ஷெட்டில் மின்சார பிளக் இருக்கிறதா என்று கேட்டு வைத்தேன்.

ஞாயிறன்று, ஆராதனை முடிந்து வந்தவர்களும் பிரியாணிக்குக் காத்திருந்தவர்களுமாக, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்தன. அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செயலாளர் எழுந்து முதல் இரண்டு இனங்களை வழக்கமான கறாரோடு முடித்தார். மூன்றாவதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நான் கொண்டுவந்த தீர்மானம். ஆனா ஒரு விஷயம் சொல்லணும். வியாழனும் வெள்ளியும், ரெஸ்ட் டைம்ல, மேல மெஷின் ஓடிச்சு. யாருக்காவது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு, சார்!” என்று மூன்றாம் மாடியிலிருந்து வந்த ஒருவர் ஆவேசமாகக் கை தூக்கினார். “தூக்கமே போச்சு! யாரு சார் அது?”

“நான்தான்” என்றார் செயலாளர்.

தூக்கிய கை மெல்ல இறங்கியது.

“மொத நாள் ஓட்டச் சொன்னது நான். ரெண்டாம் நாள் ஓட்டினதும் நான். ரூலை மீறினவன் அதே விஷயத்துல தீர்மானம் கொண்டுவரக் கூடாது. அதனால வாபஸ் வாங்கிக்கறேன். மேசைக்கால் நாலுக்கும் கீழ ரப்பர் ஷீட் போட்டா வைப்ரேஷன் கீழ வராது. அதை நானே போட்டுக் குடுக்கறேன்.” பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “டீச்சருக்கு இதுல ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?”

எழுந்து நின்றேன். சொல்ல நிறைய இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்த கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

“இல்ல, சார்” என்றேன்.

“எழுதிக்கோங்க, டீச்சருக்கு ஆட்சேபணை இல்ல” என்றவர், நான்காவது இனமான தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்.