டிராக்டர் கூரைக்குக் குழாய் வாங்கப் போனோம்

இன்று மதினியோடு சாயல்குடி இரும்புக் கடைக்குப் போனேன், டிராக்டருக்குக் கூரை போட.

போன மாதம் உழுதுகொண்டிருந்த அண்ணன் வெயிலில் மயங்கி விழுந்தார். பிழைக்கவில்லை.

கூரை வேண்டும் என்று அவர் கேட்டபோதெல்லாம், "அடுத்த வருசம் பாப்போம்ணே" என்றவன் நான்தான்.

"கடல்காத்துக்கு இரும்பு ஆங்கிள் துருப்பிடிச்சிரும், ஜி.ஐ. குழாயே எடுங்க. ஓட்டுறவரு எம்புட்டு உசரம்?" என்றார் கடைக்காரர்.

"ஆறடி" என்றேன்.

இனிமேல் ஓட்டப்போவது ஐந்தரை அடி உயரமுள்ள நான் என்பது பிறகுதான் உறைத்தது. திருத்தப் போனேன்.

மதினி தடுத்தார். "அவுக உசரத்துக்கே வெட்டட்டும் தம்பி."

அப்படியே வெட்டி வாங்கி வந்தோம்.

கூரை உயர்ந்தால் வெயில் சாய்ந்து உள்ளே அடிக்குமா? டிராக்டர் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். அடித்தாலும் மாற்றப்போவதில்லை.